சிங்காரி மேளச் சத்தத்துக்கே தலை சுத்துதா? காதுக்குள்ள எலும்பில் ஓட்டை இருக்கலாம்!

குமரி மாவட்டத்தில் கொடை விழா, தேர்த் திருவிழா என்றால் சிங்காரி மேளமும் வெடிச் சத்தமும் இல்லாமல் இருக்காது. அந்தச் சத்தம் கேட்டதும் சிலருக்குத் தலை கிறுகிறுவெனச் சுத்தும். பித்தம், பிரஷர் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சத்தத்தால் வரும் தலைசுற்றலுக்கு உள்காது எலும்பில் உள்ள குறையும் காரணமாக இருக்கலாம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு உள்காதிலும் திரவம் நிறைந்த 3 அரைவட்டக் குழல்கள் உள்ளன. உடலின் சமநிலையைக் காப்பது இவைதான். மேல் குழலை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை விழுந்தால், சத்தத்தின் அதிர்வு அந்த வழியே திரும்பி திரவத்தை அசைக்கும். தலை அசையாமலே அசைந்ததாக மூளை நினைக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவர் லாயிட் மைனர் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். பின்னர் 1,000 காது எலும்புகளை ஆராய்ந்தபோது 5-ல் முழு ஓட்டை இருந்தது. ஓட்டை உள்ள எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை.

அறிகுறிகள் என்ன?

* பலத்த சத்தம், தும்மல், இருமல், முக்குதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றின்போது தலைசுற்றல்
* சொந்தக் குரலும் இதயத் துடிப்பும் காதுக்குள் பலமாகக் கேட்பது
* கண்ணை உருட்டினால்கூட சத்தம் கேட்பது
* காது அடைப்பு, கேட்கும் திறன் குறைவு

படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுற்றினால் அது பெரும்பாலும் வேறு பிரச்சினை. உள்காதுத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் சிகிச்சையிலேயே சரியாகிவிடும்.

எங்கே தவறு நடக்கிறது?

கேட்கும் திறன் பரிசோதனையில் இது, நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகும் நோய் போலவே தெரியலாம். அதை நம்பி அந்த எலும்பில் ஆபரேஷன் செய்தால் பலன் கிடைக்காது. எனவே, 'சத்தம் கேட்டா சுத்துது' என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும். தலைக்கு எடுக்கும் சாதாரண சிடி ஸ்கேன் போதாது. காது எலும்பை மெல்லிய அடுக்குகளாகப் பார்க்கும் ஸ்கேன் தேவை.

சிகிச்சை உண்டா?

லேசான பாதிப்பு என்றால் பலத்த சத்தத்தைத் தவிர்த்தாலே போதும். அன்றாட வாழ்க்கையே முடங்கினால், ஆபரேஷன் மூலம் குழலை அடைக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டலாம்.

கவனம்: தலைசுற்றலுடன் வாய் கோணல், பேச்சுக் குளறல், கை கால் தளர்ச்சி இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.