சமன் செய்தால் கறுப்புக்கு வெற்றி

1983, ஆஸ்திரியாவின் வெல்டன் நகரம். உலக சாம்பியனுக்குச் சவால் விடப்போவது யார் என்று தீர்மானிக்கும் சதுரங்கக் காலிறுதி. 62 வயது முன்னாள் சாம்பியன் வாசிலி ஸ்மிஸ்லோவும் ஜெர்மனியின் ராபர்ட் ஹியூப்னரும் 10 ஆட்டம் ஆடி 5-5. கூடுதலாக 4 ஆட்டம் ஆடியும் 7-7. இனி அதிர்ஷ்டம்தான் கதி என்று அந்த ஊர்ச் சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தைச் சுழற்றினார்கள். முதல் சுற்றில் பந்து சிவப்பிலும் விழவில்லை, கறுப்பிலும் விழவில்லை. பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது!

மறுபடி சுற்றியதில் சிவப்பு வந்தது, ஸ்மிஸ்லோவ் அரையிறுதிக்குப் போனார். மூளையின் ஆட்டத்துக்கு இதைவிடத் தலைகுனிவு வேண்டாம். ஆளுக்கு 16 காய், ஒரே நகர்வுகள், ஒரே அளவு நேரம் என்று எல்லாம் சமமாக இருந்ததே வினையாகிவிட்டது. நம் ஊர்க் கோயில் கல்தளங்களில் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, கூடி நின்று புலியை அடைக்கும். ஏற்றத்தாழ்விலேயே ஒரு நியாயம் இருக்க முடியும் என்ற அந்தத் திண்ணை ஞானம் சதுரங்கத்துக்கு வந்து சேர இன்னும் சில நெருக்கடிகள் தேவைப்பட்டன.

முதல் நெருக்கடி, நாக்-அவுட். 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில், உலக சாம்பியன் பட்டத்துக்காகக் கார்ப்போவை எதிர்கொள்ளும் உரிமைக்காக சென்னையின் விஸ்வநாதன் ஆனந்தும் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸும் இறுதிச் சுற்றில் மோதினார்கள். நான்கு நீண்ட ஆட்டங்கள் டிரா. நான்கு அதிவேக ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். அதுவும் டிராவாகியிருந்தால்?

அந்தக் கேள்விக்கு நாக்-அவுட் போட்டிகளில் நிலைபெற்ற விடை விசித்திரமானது. கறுப்பைவிட வெள்ளைக்கு ஒரு நிமிடம் அதிகம். நேரம் அதிகம் உள்ள வெள்ளை ஜெயித்தே ஆக வேண்டும். டிரா ஆனால் கறுப்பு வென்றதாகக் கணக்கு. டிரா என்ற சொல்லுக்கே இடமில்லாத அந்த விதி கச்சிதமாகத்தான் தெரிந்தது, 2008-இல் ரஷ்யாவின் நால்சிக்கில் நடந்த பெண்கள் உலக சாம்பியன்ஷிப் வரை.

போலந்தின் மோனிகா சோக்கோ வெள்ளை, ருமேனியாவின் சபீனா ஃபோய்சோர் கறுப்பு. பலகையில் மிஞ்சியது ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு குதிரை. அந்த நிலையில் ஃபோய்சோரின் கடிகாரம் தீர்ந்தது. நடுவர் டிரா என்றார். அப்படியானால் முன்னேறுவது ஃபோய்சோர். சோக்கோ விடவில்லை. எதிராளியே ஒத்துழைத்தால் ஒற்றைக் குதிரையாலும் மூலையில் மேட் வைக்க முடியும், ஆகவே நேரம் தீர்ந்தவர் தோற்றவரே என்று மேல்முறையீடு செய்தார். தீர்ப்பு மாறியது. ஓட்டை ஒன்று அடைபட்டாலும் பெரிய கேள்வி அப்படியே நின்றது: டிராவின் விலை ஒரு நிமிடம்தான் என்று யார் நிர்ணயித்தது?

2010-இல் செயின்ட் லூயிஸில் நடந்த அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அந்தப் பொறுப்பை ஆட்டக்காரர்களிடமே தள்ளிவிட்டார்கள். வெள்ளைக்கு 60 நிமிடம். டிரா சலுகையோடு கறுப்பை ஆட எத்தனை நிமிடம் போதும் என்று இருவரும் ரகசியமாக எழுதித் தர வேண்டும். குறைத்துக் கேட்டவருக்கே கறுப்பு. கிட்டத்தட்ட ஏலம்தான். இந்தக் கதையிலேயே ஆகப் புத்திசாலித்தனமான திருப்பம் இதுவே என்பேன். கேட்டா காம்ஸ்கி எழுதியது வெறும் 25. யூரி ஷுல்மனோடு டிரா செய்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஆனால் கூட்டம் சேர்த்தது அந்த ஏலமல்ல.

2019 முதல் நார்வே செஸ் போட்டியில், டிராவாகும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பின்னால் அன்றைக்கே, டிரா ஆனால் கறுப்பு வெல்லும் இந்தச் சண்டையை வைத்தார்கள்: வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7. உலகின் கடைசிப் போர்க்களம் என்று பைபிள் சொல்லும் பெயரைச் சுமந்த அந்த விதிதான் அர்மகெடான். 2022 ஜூனில் 52 வயது ஆனந்த் அதே அர்மகெடானில் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை வீழ்த்தினார். அடுத்த மாதம் சதுரங்க உலகமே செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்து இறங்கியது.

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-ஆவது ஒலிம்பியாட். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளி. பெண்கள் பிரிவில் உக்ரைனும் ஜார்ஜியாவும் தலா 18. இரண்டு தங்கமுமே இழுபறி! ஆனால் அணிப் போட்டியில் அர்மகெடான் கிடையாது. எதிரணிகள் எடுத்த புள்ளிகளை வைத்துப் போட்ட கூட்டல் பெருக்கலில் உஸ்பெகிஸ்தானும் உக்ரைனும் தங்கம் வாங்கின.

அங்கே வெண்கலம் வென்ற இந்திய இரண்டாம் அணியில் ஆடிய பிரக்ஞானந்தா, 2023 ஆகஸ்டில் பாகுவில் உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜுன் எரிகைசியோடு எட்டு ஆட்டம் ஆடி 4-4. அதற்குள் உலகக் கோப்பை அர்மகெடானைக் கைவிட்டிருந்தது. இருவருக்கும் சமமாக 3 நிமிடம், நகர்வுக்கு 2 விநாடி கூடுதல், யாராவது ஜெயிக்கும்வரை திரும்பத் திரும்ப ஆட வேண்டும். திரும்ப ஆட வேண்டிய அவசியம் வரவில்லை. ஒன்பதாவது ஆட்டத்திலேயே பிரக்ஞானந்தா முடித்துவிட்டார். நார்வேக்காரர்கள் மட்டும் தங்கள் 10-க்கு 7-ஐ விடுவதாக இல்லை.