ரேகை வைத்தவர்கள்

மயிலம் மலையில் பங்குனி உத்திரம் பார்த்தவர்களுக்கு அதன் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னஞ்சிறு குன்றுதான்; ஆனால் அன்றைக்கு அது குன்றாகத் தெரியாது, தலைகளாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஓர் உத்திரத்தன்று அடிவாரத்தில் ஓர் அம்மாளின் கழுத்துச் சங்கிலி காணாமல் போயிற்று. பக்கத்தில் நின்றிருந்த பாவத்துக்காக நானும் சாட்சி சொல்லப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேர் அங்கே சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திருவிழாவுக்கு வந்தவர் அல்லர். ஏரிக்கரையில் இருந்த இருளர் குடிசைகளிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்கள். மாலையில் அந்தச் சங்கிலி அம்மாளின் பிரசாதப் பைக்குள்ளேயே, தேங்காய் மூடிக்கு அடியில், கொக்கி விட்டுக் கிடந்தது. அம்மாள் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றப் போய்விட்டாள். நால்வரும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். ‘தவறாக அழைத்து வந்துவிட்டோம்’ என்று ஒரு வார்த்தை? அதெல்லாம் கதையில் வரும்.

இதில் எனக்கு வேடிக்கையாக இருந்த விஷயம் வேறு. ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒருவன் காலையிலிருந்து லங்கர் கட்டை உருட்டிக்கொண்டிருந்தான். அதைத் தடுக்க 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் ஒன்று இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் அவன் பக்கத்துக் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்துக்கு அன்று விடுமுறை போலும்.

நால்வரில் வயதானவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“ஏன் பெரியவரே, நீங்கள்தான் ஒன்றும் செய்யவில்லையே? கூப்பிட்டதும் எதற்கு ஜீப்பில் ஏறினீர்கள்?” என்றேன்.

“நாங்க வரலன்னா பொம்பளைங்கள இட்டாந்துடுவாங்க சாமி” என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் வெகு நாள் தூங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் ஊர் திரும்பியதும் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

1871-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று தமிழில் பெயர் பெற்றது. அப்போது வைசிராயின் சபையில் சட்ட மெம்பராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அதுபோலத் திருடன் மகன் திருடன் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நம்முடைய சாதி சாஸ்திரத்தை நம்மைவிட நன்றாகப் படித்துவிட்டார்கள்! முதலில் வடக்கே பஞ்சாப், அயோத்தி முதலிய மாகாணங்களில்தான் அது நடந்தது. 1911-இல் சட்டத்தைப் புதிதாகச் செய்து நாடு முழுவதற்கும் விரித்தபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. 1924-இல் இன்னொரு முறை திருத்தி எழுதினார்கள்.

சர்க்கார் ஒரு கூட்டத்தைக் கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும். அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்களின் பெயரை ரிஜிஸ்டரில் எழுதிப் பத்து விரல் ரேகையும் எடுத்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் வந்து தலைகாட்ட வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். தென் மாவட்டங்களில் வெளியூர் போக ‘ராதாரிச் சீட்டு’ வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊர் மக்கள் இந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர்தான் ‘ரேகைச் சட்டம்’. திருடப் போகிறான் என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்படும் நிலையில் ஒருவன் பிடிபட்டால், திருடாமலே மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை என்றால் ஏழு வருஷத்துக்குக் குறையக் கூடாது. அதே குற்றத்தை ரிஜிஸ்டரில் இல்லாத மிராசுதார் மகன் செய்தால் அவனுக்கு வேறு அளவுகோல்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொரு பிரிவு. இன்ன கூட்டம் குற்றக் கூட்டம் என்று சர்க்கார் அறிவித்தது சரியா, தவறா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. போலீஸ்காரர் பிடிப்பார், நீதிபதி தண்டிப்பார், ஆனால் இவன் ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறான் என்று கேட்க நீதிபதிக்கு வாய் கிடையாது.

பட்டியலில் யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால் மனிதர்களின் சரித்திரம் கொஞ்சம் புரியும். தென்னாட்டில் முதலில் அகப்பட்டவர்களில் குறவர்கள் முக்கியமானவர்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு உப்புக் குறவர் என்றே பெயர். கடற்கரையில் உப்பு வாங்கி, கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி, உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றி வந்தவர்கள். இன்றும் மயிலத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளம் வெள்ளையாக விரிந்து கிடக்கிறது. உப்பு சர்க்காரின் ஏகபோகமாயிற்று, வரி ஏறிற்று. 1870-களில் திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு ரெயில் வந்தது. உத்திரத்துக்கு நம்மைக் கொண்டுவந்து இறக்குகிற அதே பாதைதான். மூட்டை ரெயிலில் ஏறியதும் கழுதைக்கு வேலை இல்லை. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து காட்டையும் அடைத்தது. பிழைப்பைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, ‘இவனுக்குத் தெரியும்படியான பிழைப்பு எதுவும் இல்லை, சந்தேகத்துக்குரியவன்’ என்று எழுதினார்கள். 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவில் அதற்கு இடம் இருந்தது.

நம்முடைய தென்னார்க்காட்டிலும் ரிஜிஸ்டர் வைத்தார்கள். அஸீஸ்நகர் என்ற இடத்தில் செட்டில்மெண்ட் வைத்து ஜனங்களைக் குடியமர்த்தினார்கள். இன்றைக்குச் சீர்மரபினர் என்று சர்க்கார் வைத்திருக்கும் பட்டியலில், கடலூர் மாவட்டத்தில் ஒரே ஓர் ஊரைச் சேர்ந்த படையாட்சிகள் மட்டும் தனியாக ஒரு வரியில் இருக்கிறார்கள். பக்கத்து ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த அதே சாதிக்காரன் யோக்கியன். இந்த எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் பரம்பரைத் திருடன்!

எதிர்ப்பே இல்லாமல் போய்விடவில்லை. மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை வைக்க மறுத்து நின்ற கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினாறு, பதினேழு உயிர்கள் போயின. பிறகு முத்துராமலிங்கத் தேவர் போன்றவர்கள் மேடை மேடையாகப் போராடினார்கள். சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தை நீக்கிற்று. நாடு முழுவதும் அது போனது 1952 ஆகஸ்டு 31-ஆம் தேதி. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் கழித்து!

போனதா? 1948-லேயே சென்னைச் சர்க்கார் வாடிக்கைக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டுவிட்டது. முன்வாசலில் வழியனுப்பி விட்டுப் புறக்கடைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. காகிதத்தில் சாதி இல்லை, தனி மனிதன்தான்; ஆனால் ஸ்டேஷனில் இருந்த அலமாரி அதே அலமாரி. பல வருஷம் ஓர் இலாகாவுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒரே நாளில் மற என்றால் மறக்குமா? எந்தச் சாதி பட்டியலில் இருந்தது, எது இல்லை என்பதுகூடப் பிறகு முக்கியமாக இல்லை. களவு நடந்தால் முதலில் ஜீப் எந்தக் குடிசைக்குப் போக வேண்டும் என்ற பழக்கம் மிஞ்சிவிட்டது.

1993-இல் இதே வட்டாரத்தில் இரண்டு வழக்குகள். ஒன்று கம்மாபுரம் ஸ்டேஷன் சம்பந்தப்பட்டது. முதனை கிராமத்துக் குறவரான ராஜாக்கண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள். தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். பிணம் வேறு ஜில்லாவின் எல்லையில் கிடைத்தது. அவர் மனைவி விடவில்லை. வக்கீல் சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டார். முதல் கோர்ட்டு போலீஸாரை விடுதலை செய்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் தண்டித்தது. பதின்மூன்று வருஷம். 2021-இல் வந்த ‘ஜெய்பீம்’ படத்தினால் இது ஊரறிந்த கதை. மற்றது விழுப்புரத்துப் பக்கம் அத்தியூரில் நடந்தது. திருடனைத் தேடி வந்த புதுச்சேரிப் போலீஸார் ஓர் இருளர் பெண்ணைப் பலாத்காரம் செய்தார்கள் என்பது வழக்கு. 2006-இல் விழுப்புரம் கோர்ட்டு ஆறு பேருக்குத் தண்டனை விதித்தது. 2008-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தப் பெண்ணுக்குத் துணை நின்றவர் திண்டிவனத்துப் பேராசிரியர் கல்யாணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்திலிருந்துதான் வளர்ந்தது. டீக்கடைப் பெரியவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை அர்த்தம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருளருக்காகவே செய்தது போல ஒரு சட்டம் 1976-இல் வந்தது: கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப் போட்டால் மூன்று வருஷம் வரை சிறை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பம் குடும்பமாக அகப்பட்டவர்களை ஆர்.டி.ஓ. மீட்டு விடுதலைச் சான்றிதழ் கொடுப்பதைப் பத்திரிகையில் படிக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் சூளை முதலாளியைத் தேடி ஒரு மணி நேரத்துக்குள் ஜீப் போனதாக நான் படித்ததில்லை. அங்கே விசாரணை, அறிக்கை, மேல் அறிக்கை எல்லாம் முறைப்படி நடக்கும். முறை என்பதே சிலருக்குக் கிடைக்கும் சலுகை என்று எனக்குச் சில சமயம் தோன்றும். போலீஸ்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. சங்கிலி போன அம்மாளும், சாட்சிக்குப் போன நானும், ஜீப் புறப்பட்டபோது ‘சரியான இடத்துக்குத்தான் போகிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டுதானே நின்றோம்!

2024 அக்டோபர் 3-ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் 1871-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கதையும் வருகிறது. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யாமல் போலீஸார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவும் வருகிறது. கேள்வி கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிய காலத்திலிருந்து கோர்ட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அன்று டீ குடித்து முடித்ததும் பெரியவர் என்னிடம் ஒரே ஓர் உபகாரம் கேட்டார். “பேரு எழுதிக்கினாங்க சாமி. அத்த மட்டும் அடிச்சுடச் சொல்றீங்களா?”

உள்ளே போனேன். ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். நானும் எழுதுகிறவன்தான், அந்த உறவில் கொஞ்சம் உரிமையோடு கேட்டுப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார். நோட்டைப் பிரித்து எனக்குக் காட்டக்கூடச் செய்தார். நான்கு பெயர்கள், தகப்பன் பெயர்கள், அடையாளம். எதிரே சங்கிலி கிடைத்த செய்தி எழுதியிருக்கவில்லை.

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு சார். கிழிக்க முடியாது” என்றார்.

வெளியே வந்தபோது பெரியவர் பெஞ்சில் இல்லை. மற்ற மூவரோடு சாலை ஓரமாக, கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.