நுவரெலியாக் குளிரும் நம்மவர் பிக்கப்பும்

கல்முனைக் கரையில் டீசல் வண்டி அஞ்ச வேண்டியது உப்புக் காற்றுக்குத்தான்; குளிருக்கன்று. ஆனால் மரக்கறி ஏற்ற மலைநாட்டுக்குப் போய்வந்த நம்மூர்ச் சாரதிகளின் அனுபவம் வேறு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. மறு ஆண்டு ஜனவரியில் அப்படியொரு பிக்கப்பில் நானும் தொற்றிக்கொண்டு நுவரெலியா சென்றேன். 1,868 மீற்றர் உயரம். சாரதிக் காக்கா மாலையிலேயே சுமை ஏற்றி, வண்டியை இறக்கத்தை நோக்கி நிறுத்தினார். பற்றரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்து சாக்கால் போர்த்தினார். நான் சிரித்தேன். விடியற்புறம் பக்கத்து லொறி முனகி ஓய்ந்துபோக, எங்கள் வண்டியோ ஹீட்டர் விளக்கு அணைந்ததும் வெண்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது.

ருடோல்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூடே எரிபொருளைப் பற்றவைக்கிறது. இரும்பு குளிர்ந்திருந்தால் அச்சூட்டை அதுவே குடித்துவிடும். ஹீட்டர் பிளக் ஈடுசெய்வது அந்த இழப்பைத்தான்.

டீசல் உறைந்துவிட்டதென்று லொறிக்காரர் சொன்னது தவறு. நுவரெலியாக் குளிர் அதற்குப் போதாது. டீசலிலுள்ள மெழுகு திரள்வதெல்லாம் லடாக் போன்ற இடங்களில். அங்கே −33 பாகை செல்சியஸ் வரை இறுகாத குளிர்கால டீசலை இந்தியன் ஒயில் நிறுவனம் 2019 நவம்பரில்தான் அறிமுகப்படுத்தியது. நம்மவர் சிலர் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தார்கள். பம்ப் தேய்ந்ததே மிச்சம்.

அன்று பின்னேரமே எங்கள் கோவாவும் லீக்ஸும் கல்முனைச் சந்தையில் இறங்கின. அந்த லொறியின் சுமை மறுநாள் வாடித்தான் வந்ததாம்.