தேய்ப்பதும் பூசுவதும்: கார் மெருகின் நூறாண்டு

காருக்குத் தானே பாலிஷும் வாக்ஸும் போடலாம் என்று முதல்முறையாக இறங்குகிறவர் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வேலையாகத்தான் நினைக்கிறார். கடையிலும் இரண்டு டப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. உண்மையில் இவை ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். பாலிஷில் நுண்ணிய உராய்பொடி இருக்கிறது. அது பெயிண்டின் மேற்பரப்பைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சமப்படுத்துகிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே மெல்லிய படலம் ஒன்றைச் சேர்க்கிறது. ஒன்று செலவு, மற்றொன்று காப்பு. இவை எப்படி ஒரே சடங்காக ஒட்டிக்கொண்டன என்று தேடிப் போனால், 1920களின் அமெரிக்காவில் புழங்கிய ஒரு பெயிண்டில் போய் நிற்கிறோம். அந்தப் பெயிண்ட் வழக்கொழிந்துவிட்டது. அதற்காகப் பரவிய பழக்கம் மட்டும் நிற்கிறது. ஆகவே இந்த வரலாறு புதிதாகத் தொடங்குகிறவருக்கு வெறும் சுவைத் தகவல் அல்ல. எந்த டப்பாவை எப்போது திறப்பது என்பதற்கான விடையே அதில்தான் இருக்கிறது.

முதல் கார்களுக்குப் பூச்சு வேலை செய்தவர்கள் குதிரை வண்டி கட்டியவர்களே. சென்னையிலும் அப்படித்தான்: 1840இல் கோச் வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்ப்சன்தான் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியது. ஆளிவிதை எண்ணெயும் பிசினும் சேர்ந்த வார்னிஷை ஒரு கோட் அடித்துவிட்டு, அது காயக் காத்திருந்து, நுரைக்கல் தூளால் தேய்த்து மட்டமாக்கி, அடுத்த கோட் அடிப்பார்கள். ஒரு வண்டி முடியப் பல வாரங்கள் ஆகும். வெயிலில் அது மஞ்சளடித்து வெடித்தால் பெயிண்டரிடம் கொண்டுபோய் மறுபடி வார்னிஷ் அடிப்பதுதான் வழி. லாயத்தில் இருப்பவர் வண்டியைக் கழுவி ஈரம் துடைத்து வைப்பார். மெருகு அவர் வேலையல்ல, உரிமையாளர் வேலையும் அல்ல. ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தபின் கார் உற்பத்தி பாய்ந்து வளர்ந்தது. 1914 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. வண்ணம் கேட்டவர்களுக்குக் கார் செய்த மற்ற கம்பெனிகளோ பெயிண்ட் காயக் காத்துக் கிடந்தன.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது வெடிமருந்துத் தொழில். முதல் உலகப்போருக்காக நைட்ரோசெல்லுலோஸை ஏராளமாகத் தயாரித்த டூபான்ட் நிறுவனம், போர் முடிந்ததும் அந்தச் சரக்குக்கு வேறு வழி தேடியது. அதிலிருந்து பிறந்ததுதான் டியூகோ லேக்கர்; நம்மூர் பெயிண்ட் பட்டறைகளில் டியூகோ பெயிண்ட் என்று இன்றும் சொல்கிறோமே, அதன் மூலம் இது. டூபான்ட்டுக்குப் பெரும்பங்கு இருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1924 மாடல் ஓக்லண்ட் காரை இந்தப் பூச்சில் நீல நிறத்தில் இறக்கியது. ஸ்பிரே அடித்தால் தின்னர் ஆவியாகி மணிக்கணக்கில் காய்ந்துவிடும். வாரக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்தது. ஆனால் வார்னிஷுக்கு இருந்த ஆழ்ந்த பளபளப்பு இதற்குத் தானாக வராது. சொரசொரப்பான உராய்பொடி கலந்த ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் மினுங்கும். வெயிலில் நின்றால் மேற்பரப்பு சிதைந்து பொடி பூக்கும். விரலால் இழுத்தால் நிறம் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் செத்த தோலைத் தேய்த்து எடுத்தால் அடியில் புதிய நிறம் தெரியும். அப்படித் திறந்துவிட்ட புதிய பரப்பும் சீக்கிரம் மங்காமலிருக்க அதை மூட வேண்டும். தேய்ப்பதும் பூசுவதும் ஜோடி சேர்ந்தது இந்தத் தேவையால்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சிக்காகோவில் சிமோனைஸ் என்ற கார் மெருகு நிறுவனம் 1910இலேயே தொடங்கிவிட்டது. மெகையர்ஸ் 1901இல் மரச்சாமான் பாலிஷோடு கடை திறந்தது. தரை போட்டுக் கொடுத்து வந்த ஜான்சன் கம்பெனி அதற்கும் முன்பே மெழுகு விற்றது. அப்படியிருக்க டியூகோவை எப்படிக் காரணம் சொல்லலாம்? பொருள் முன்பே இருந்தது உண்மைதான். மேசைக்கும் தரைக்கும் செய்த மெழுகு காருக்கும் வந்தது. ஆனால் ஒரு பொருள் இருப்பது வேறு, அது லட்சக்கணக்கான வீடுகளில் வழக்கமாவது வேறு. 1929இல் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 30 லட்சம் கார்கள் ஓடின. அவற்றில் பெரும்பாலானவற்றை உரிமையாளரே ஓட்டினார், உரிமையாளரே கழுவினார். ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் தொடங்கிய கடன் நிறுவனம் தவணையில் கார் வாங்க வழி செய்தது. ஆண்டுதோறும் புது மாடல் வந்ததால் பழைய காரைக் கொடுத்து மாற்றும்போது அதன் தோற்றத்துக்கு விலை உண்டாயிற்று. ஃபோர்டு 1926இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று அறிவித்தது. தொழிலாளிக்குச் சனிக்கிழமை கிடைத்தது. மங்கும் பெயிண்ட், விற்கும்போது கிடைக்கும் விலை, ஓய்வு நாள் ஆகிய மூன்றும் ஒரே பத்தாண்டில் கூடின. சிமோனைஸ் முதலில் தேய்க்க ஒரு டப்பா, பிறகு பூச ஒரு டப்பா என்று இரண்டாக விற்றதும் அந்தப் பெயிண்டுக்கு அச்சாகப் பொருந்தியது.

இதெல்லாம் விளம்பரம் செய்த மாயம் என்று சொல்வோரும் உண்டு. விளம்பரத்தின் கை இருந்ததை மறுக்க முடியாது. சிக்காகோவில் 1940களில் டர்டில் வாக்ஸைத் தொடங்கிய பென் ஹிர்ஷ், பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே நிற்கும் கார்களின் ஒரு பக்கத்தை மட்டும் பாலிஷ் போட்டுவிட்டுச் சொந்தக்காரர் வரும்வரை காத்திருப்பார் என்று அந்நிறுவனத்தின் கதை சொல்கிறது. அது நல்ல வியாபாரத் தந்திரம்தான். ஆனால் பாலிஷ் போட்ட பக்கத்துக்கும் போடாத பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்ததால்தானே அந்தத் தந்திரம் பலித்தது? விளம்பரம் தேவையைப் பெரிதாக்கியது. இல்லாத தேவையை உண்டாக்கவில்லை.

பூசும் பக்கத்தின் கதை பிரேசிலின் வடகிழக்குக்கு இட்டுச் செல்கிறது. சியாரா, பியாவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் கார்னௌபா பனை, தன் ஈரம் ஆவியாகிவிடாமல் இருக்க ஓலையின் மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. கோடையில் நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் ஓலையை வெட்டி, வெயிலில் பரப்பிக் காயவைத்து, அடித்து உதிர்த்தால் பொடியாக மெழுகு வரும். அதை உருக்கி வடிகட்டிக் கட்டியாக்குகிறார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இது உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயிலில் கொதிக்கும் பானெட்டில் நிற்பதற்கு வேண்டிய குணம் இதுவே. 1935இல் ஜான்சன் கம்பெனித் தலைவர் எச்.எஃப். ஜான்சன் ஜூனியர், இந்தப் பனையைத் தேடி விஸ்கான்சினிலிருந்து விமானத்திலேயே அங்கு போனார். அந்தத் தோப்புகளில் அடிமைநிலையில் வைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களைப் பிரேசில் அரசு அதிகாரிகள் அண்மைக் காலத்திலும் மீட்டிருக்கிறார்கள். டப்பாவைத் திறக்கும்போது இந்த உழைப்பும் நம் நினைவில் இருக்க வேண்டும். இந்த வாக்ஸைத் தடிமனாக அப்பினாலும் மினுமினுப்பு அதிகமாகாது. துடைத்தெடுக்கும்போது மிச்சம் துணியோடு போய்விடும். மெல்லிய பூச்சே போதும்.

அடுத்த திருப்பம் பெயிண்டிலேயே வந்தது. 1980களில் உலகெங்கும் பரவிய முறையில், நிறம் தரும் அடிக்கோட்டின் மேல் நிறமற்ற கிளியர் கோட் ஒன்று வருகிறது. பளபளப்பும், புறஊதாக் கதிரைத் தாங்கும் திறனும் அந்த மேல்கோட்டில்தான். அதன் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. டியூகோ காலத்தில் தேய்த்தால் அடியில் அதே நிறம் இருந்தது. இப்போது தேய்ப்பது காப்பையே தேய்ப்பதாகும். கிளியர் கோட் தேய்ந்து தீர்ந்த இடம் வெளுத்துச் செதில் செதிலாக உரியும், எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. உங்கள் கார் எந்தக் காலத்துப் பெயிண்டைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் இறங்கினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய முறைப் பூச்சு. இறங்காவிட்டால் நீங்கள் தேய்ப்பது கிளியர் கோட்டை.

அப்படியானால் இரண்டையும் விட்டுவிடலாமே, கழுவினால் போதாதா என்று கேட்கலாம். பாதி சரி. பாலிஷை ஆண்டுக்கொரு கடமையாகச் செய்யத் தேவையில்லை. கீறலோ மங்கலோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், நைசான வகையை எடுத்து, நிழலில், ஒரு சாண் பரப்பில் முதலில் சோதித்துவிட்டுத் தொடங்கலாம். ரப்பிங் காம்பவுண்டில் ஆரம்பிக்கவே கூடாது. வாக்ஸ் விஷயம் வேறு. பறவை எச்சமும் உப்புத்தண்ணீர்க் கறையும் கிளியர் கோட்டையும் அரிக்கும். அவற்றுக்கும் பெயிண்டுக்கும் நடுவே பலியாக நிற்க ஒரு படலம் இருப்பது நல்லது. கார்னௌபா படலம் சில வாரங்களோ சில மாதங்களோ நிற்கும், பிறகு மறுபடி பூசிக்கொள்ளலாம். பூசுவதில் பெயிண்ட் குறைவதில்லை. இரண்டுக்கும் முன்னால் நன்றாகக் கழுவ வேண்டும். தூசியைக் கழுவாமல் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம்தான் வட்டவட்டமான கீறல்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

கைவேலை எதிலும் முன்னோர் செய்த வரிசையை அப்படியே பிடித்துக்கொள்வது நமக்கு மரியாதையாகத் தோன்றுகிறது. அவர்கள் அந்த வரிசையை வகுத்ததோ கண்ணெதிரே இருந்த பெயிண்டைப் பார்த்து. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையைத்தான். தன் காரின் மேல் இருப்பது எது, அது எவ்வளவு கனம் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அடிக்கடி கழுவி, அவ்வப்போது பூசி, அரிதாக மட்டும் தேய்க்கிறவரே 1920களின் அந்தச் சனிக்கிழமைக்காரருக்கு உண்மையான வாரிசு.