வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை (அமெரிக்கா)

அமெரிக்க விமான நிலையக் கோபுரங்களிலும் ரேடார் மையங்களிலும் பல்லாண்டுகளாக நீடிக்கும் ஆள்பற்றாக்குறை. இதன் வேர் 1981 ஆகஸ்டில் இருக்கிறது. ஊதிய உயர்வும் குறைந்த பணிநேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த கட்டுப்பாட்டாளர்களில் 11,000-க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார். அவசரமாக எடுக்கப்பட்ட புதியவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர். பின்னாளில் ஓய்வும் அலையலையாகவே வந்தது. 56 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் இது முன்பே தெரிந்த கணக்குதான்.

பணியில் சேர 31 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓக்லஹோமா சிட்டி பயிற்சிக் கழகத்தில் சில மாதங்கள் படித்தபின், பணியிடத்தில் மூத்தவர் அருகில் அமர்ந்து பழக வேண்டும். ஒவ்வோர் இடத்தின் வான்வெளியும் வேறு என்பதால் முழுத் தகுதி பெற ஆண்டுகள் ஆகலாம். பயிற்சி தருபவரும் அதே குறைந்த ஆட்களில் ஒருவர். உண்மையான முடிச்சு இங்கேதான். நிதி ஒப்புதல் கிடைக்காமல் அரசு முடங்கும்போது பயிற்சிக் கழகமும் நின்றுபோனதுண்டு.

2024-இல் தொடங்கிய திட்டப்படி, துல்சா சமுதாயக் கல்லூரி, ஓக்லஹோமா பல்கலைக்கழகம் முதலிய சில நிறுவனங்களே கழகத்துக்கு இணையான பயிற்சி தருகின்றன. தேறியவர்கள், மற்ற தேர்வுகளையும் கடந்தால், நேரே பணியிடப் பயிற்சிக்குச் செல்லலாம். 2025 ஜனவரியில் வாஷிங்டன் அருகே 67 பேர் இறந்த வான்மோதலுக்குப்பின் இப்பிரச்சினை பொதுவிவாதமானது. அவ்வாண்டே ஆளெடுப்புப் படிகள் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டன. கழகப் பயிற்சியாளரின் தொடக்க ஊதியம் 30 சதவீதம் உயர்ந்தது.