விசாரணைக்கு முன்னே ஒரு விசாரணை

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 14 பேரைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அதற்கு வழிசெய்தது 1908ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. அச்சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் நடத்தும் முதல்நிலை விசாரணையில், அவர் அனுமதித்தாலொழிய குற்றம் சாட்டப்பட்டவர் இருக்க முடியாது. அவருக்காக வக்கீலும் ஆஜராக முடியாது. புரட்சியாளர்களை ஒடுக்கப் புறப்பட்ட அரசு எந்த உரிமையில் முதலில் கைவைத்தது என்று பார்த்தாலே அவ்வுரிமையின் வலிமை புரியும்.

அந்த உரிமை இங்கிலாந்திலும் எளிதில் வந்ததல்ல. 1550களில் அரசி மேரி காலத்துச் சட்டங்கள், பிடிபட்டவரையும் சாட்சிகளையும் விசாரித்து எழுதிவைக்கும் கடமையை நடுவர்களுக்குத் தந்தன. ஆனால் சாட்சி என்ன சொன்னார் என்று கேட்கும் உரிமை கைதிக்கு இல்லை. ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, 1848இல் வந்த ஜெர்விஸ் சட்டம் அதை மாற்றியது. கைதியின் முன்னிலையில்தான் சாட்சி பேச வேண்டும், கைதி குறுக்கு விசாரணை செய்யலாம், அவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை நடுவரே சொல்ல வேண்டும் என்று அது விதித்தது.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் அத்தியாயம் இதே முறையை விரிவாக வகுத்தது. கொலை போன்ற வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மாஜிஸ்திரேட் சாட்சிகளை நேரில் விசாரிப்பார். குற்றம் சாட்டப்பட்டவர் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் பக்கச் சாட்சிகளையும் நிறுத்தலாம். ஆதாரம் போதாது என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது. போதுமென்றால் குற்றச்சாட்டு வனைந்து, மேல் நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார்கள். அரசுத் தரப்பின் பலமும் பலவீனமும் கைதிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறகு சாட்சி மாற்றிப் பேசினால் பழைய வாக்குமூலத்தைக் காட்டி மடக்கலாம்.

குறையும் இருந்தது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஒரே சாட்சி இரண்டு முறை கோர்ட் படியேற வேண்டும், அந்த இடைவெளியில் அவரை மிரட்டவோ விலைபேசவோ முடியும், கைதியோ காவலில் கிடப்பார். 1955 திருத்தம், போலீஸ் தாக்கல் செய்யும் வழக்குகளில் குற்றத்தை நேரில் கண்ட சாட்சிகளோடு இவ்விசாரணையைச் சுருக்கி, ஆவண நகல்களைக் கைதிக்குத் தரச் சொன்னது. இது பெரும்பாலும் நேர விரயம் என்று 1969இல் சட்ட ஆணையத்தின் 41ஆவது அறிக்கை முடிவு கட்டியது. 1974 ஏப்ரல் 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த விசாரணையே போய்விட்டது.

மாஜிஸ்திரேட்டிடம் எஞ்சிய அதிகாரம் எவ்வளவு சிறியது என்பதை 1978இல் சஞ்சய் காந்தி தொடர்புடைய வழக்கு காட்டியது. ‘கிஸ்ஸா குர்சி கா’ படப் பிரதிகள் அழிக்கப்பட்ட வழக்கு அது. வழக்கு செஷன்ஸ் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கத்தக்கதா என்று பார்ப்பதோடு மாஜிஸ்திரேட்டின் வேலை முடிந்தது, ஆதாரத்தை எடைபோட அவருக்கு இடமில்லை என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர்.

அப்படியானால் கைதியின் வாதத்தை யார் கேட்பது? 1974இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 227ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை செஷன்ஸ் நீதிபதிக்குத் தந்தது. குற்றச்சாட்டு வனையுமுன் விடுவிப்பு மனு போடலாம். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசுத் தரப்பு தருவதை அப்படியே வாங்கி அனுப்பும் அஞ்சலகமாக நீதிபதி இருக்கக் கூடாது, வலுவான சந்தேகம் இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் என்று 1978இல் பிரஃபுல்ல குமார் சமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் எதை வைத்து வாதாடுவது? தன்னிடமுள்ள அசைக்க முடியாத ஆவணத்தைக் கைதி இக்கட்டத்திலேயே காட்டலாம் என்று 1996இல் சதீஷ் மெஹ்ரா தீர்ப்பு கதவைத் திறந்தது. 2004 நவம்பரில் தேவேந்திரநாத் பாதி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மூடியது: போலீஸ் தந்த ஆவணங்களை வைத்து மட்டுமே வாதாட வேண்டும். 1898இல் சாட்சியையே நிறுத்த முடிந்தவரால் இப்போது பொதுவாக ஒரு தாளைக்கூட நீட்ட முடியாது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

மறுபக்கம் சில உரிமைகள் வளர்ந்தன. பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கில், மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தும்போதே இலவச வக்கீல் உரிமை தொடங்குகிறது, அதைக் கைதியிடம் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 1980இல் தீர்ப்பானது. போலீஸ் கைப்பற்றியும் பயன்படுத்தாத ஆவணங்களின் பட்டியலையும் கைதிக்குத் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. போலீஸ் தாள்களை மட்டுமே நம்பி வாதாடுபவருக்கு, எந்தத் தாள் ஒதுக்கப்பட்டது என்று தெரிவது உயிர்நாடி.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் இக்கட்டத்துக்குக் கெடு வைத்திருக்கிறது. 14 நாட்களுக்குள் நகல்கள் தர வேண்டும். வழக்கு செஷன்ஸுக்கு ஒப்படைக்கப்பட்ட 60 நாட்களுக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும். சட்ட உதவி வக்கீலை நம்பி சிறையில் இருப்பவருக்கு இந்த 60 நாள் சீக்கிரம் கரையும். தனிநபர் புகார்களில் மட்டும், வழக்கைக் கோப்பில் எடுக்குமுன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 223ஆம் பிரிவு. போலீஸ் தொடுக்கும் வழக்குகளில் அந்த வாய்ப்பு இன்னும் தரப்படவில்லை.