புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்



கடலுக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடிக்கும் இடையே கிடக்கும் பெரியநீலாவணை முதலாக, மருதமுனை, கல்முனை, நிந்தவூர் எனத் தெற்கு நோக்கிச் செல்லும் எங்கள் கரையோர ஊர்களிலே சோறு என்றால் அது பெரும்பாலும் புழுங்கலரிசிச் சோறே. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பச்சையரிசி வேண்டும். அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் வேண்டும். தமிழர் வளவாயினும் முஸ்லிம்கள் வளவாயினும் இதில் வேற்றுமை இல்லை. நாம் ஆராயாது கைக்கொண்டு வரும் இவ்வழக்கம் உலக மருத்துவ வரலாற்றிலே ஒரு பெரிய புதிரை அவிழ்க்கத் துணை புரிந்தது. அவ்வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நெல் அவித்தல் என்பது நம் தாய்மாருக்குப் பழகிய தொழில். நெல்லை ஓரிரு நாள் நீரில் ஊறவிடுவர்; அண்டாவிலே ஆவி எழ அவிப்பர்; பாயிற் பரப்பி உலர்த்துவர்; உரலில் இட்டுக் குற்றிச் சுளகாற் புடைப்பர். இத்தனை பாடு எதற்கு? அவித்த நெல் குற்றும்போது நொறுங்குவதில்லை, குறுநொய் குறைகின்றது, அரிசி உறுதியாக இருப்பதால் வண்டு எளிதிற் பற்றுவதில்லை. வேளாண்மைக் குடும்பங்கள் கண்ட பயன் இதுவே. இதற்கு மேலும் ஒரு பயன் உண்டென்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை, உலகமும் அறிந்திருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழைத் தேயங்களிற் பரவின. உலக்கை முழுமையாக நீக்காத தவிட்டை ஆலை முற்றாக நீக்கியது. அரிசி முத்துப் போல வெளுத்தது. அதே காலத்தில், பெரிபெரி என்னும் கொடுநோய் சிறைச்சாலைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் பெருகியது. கால்கள் மரத்துத் தளரும், உடல் வீங்கும், ஈற்றில் இதயம் ஓயும். 'இயலாது, இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்ததெனக் கூறுவாரும் உளர். இது கிருமியால் வருவதென்றே மருத்துவர் பலர் எண்ணினர்.

யாவாத் தீவிலே ஒல்லாந்த மருத்துவர் கிறித்தியான் எய்க்மன் இந்நோயை ஆராய்ந்தார். 1890 ஆம் ஆண்டளவில், அவர் வளர்த்த கோழிகள் பெரிபெரி கண்டவை போலத் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களின் பின் தாமாகவே தேறின. விசாரித்தபோது காரணம் வெளியாயிற்று. இடையில் அக்கோழிகளுக்குப் படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டது. பின்னர் வந்த புதிய சமையற்காரர், படையினருக்குரிய சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்! தீட்டாத அரிசி உண்ணத் தொடங்கியதும் கோழிகள் எழுந்து நடந்தன. வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு உளதென்றும், தவிடு அதற்கு மாற்று என்றும் எய்க்மன் முதலிற் கருதினார். நஞ்சு ஏதுமில்லை, வேண்டிய ஒரு பொருள் இல்லாமையே நோய்க்கு ஏது என்று 1901 இல் விளக்கியவர் அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கெரிற் கிரைன்சு ஆவார்.

இனி மலாயாவுக்குச் செல்வோம். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதே நாட்டிலே, அதே வெயிலிலும் மழையிலும் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. தமிழர் செல்வராய் வாழ்ந்தனரோ? இல்லை. வறுமை இருவர்க்கும் பொதுவே. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி; தமிழர் உண்டது, தாயகத்தின் வழக்கத்தை விடாது கேட்டு வாங்கிய புழுங்கலரிசி.

இவ்வேற்றுமையைச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர். 1905 இன் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி இலக்கமிட்டார். ஒற்றை இலக்கத்தார் ஒரு பிரிவு. இரட்டை இலக்கத்தார் மறு பிரிவு. ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி; மற்றதற்கு 'இந்திய அரிசி' எனப்பட்ட புழுங்கல். ஓராண்டு கழிந்தது. பிரிவுக்கு ஏறத்தாழ 120 பேர் இருந்தனர். வெள்ளையரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டோரில் இருவரிடமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் சேரும்போதே அதைக் கொண்டு வந்தவர்கள். இறந்தவர் எவருமில்லை. 1907 இல் இம்முடிவுகள் வெளியாயின. பின்னர் பிரேசர், சிடான்ரன் என்னும் இருவர் வீதி அமைக்கும் தொழிலாளரிடையே மேலும் ஆராய்ந்து இதனை உறுதிப்படுத்தினர்.

1912 இல் காசிமிர் பங்க் 'விற்றமின்' என்னும் சொல்லை ஆக்கினார். 1926 இல் யாவாவிலே, அரிசித் தவிட்டிலிருந்தே அச்சத்து பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனைத் தயமின், அல்லது விற்றமின் பி1 என்கின்றோம். எய்க்மன் 1929 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

புழுங்கல் செய்யும் விந்தை யாது? தயமின் நீரிற் கரைவது. நெல்மணியில் அது தவிட்டிலும் முளையிலும் மிகுந்துள்ளது. நெல் ஊறி அவியும்போது அச்சத்தின் ஒரு பகுதி உமிக்குள்ளேயே அரிசியின் உட்பாகத்துக்கு இறங்கிவிடுகின்றது. பின்னர் தவிட்டைத் தீட்டினாலும் உள்ளே சென்றது உள்ளேயே நிற்கின்றது. ஊறவைத்த நெல்லிலே எழும் புளித்த வாடை மட்டுமே குறையாக இருந்தது. அதற்கும் வழி பிறந்தது. 1950 இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், நெல்லை ஏறத்தாழ 70 பாகை வெந்நீரிலே மூன்று நான்கு மணி நேரம் ஊறவைக்கும் முறையைப் பரப்பியது.

நேயர்களே, காரணம் அறியாது காக்கப்படும் வழக்கம் காரணம் அறியாமலே கைவிடப்படவும் கூடும். 1942 இல் பர்மா யப்பானியர் வசமாக, இலங்கைக்கு வந்த அரிசி தடைப்பட்டது, பங்கீடு வந்தது, வெள்ளைக் கோதுமை மா நம் அடுக்களைக்குள் பெருமளவில் நுழைந்தது. அதுவும் தவிடு நீக்கப்பட்டதே. இன்று எங்கள் ஊர்களில் நெல் அவிக்கும் அண்டாக்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. அவிப்பதும் குற்றுவதும் ஆலைகளின் வேலையாயின. கடையிலே வெண்மையையே தரமெனக் கொள்ளும் மயக்கமும் வளர்ந்துள்ளது. சுரங்கத் தொழிலாளர் உண்டதும் அத்தகைய வெண்மையான அரிசியே என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆகவே இல்லத்தரசியருக்குச் சில சொற்கள். புழுங்கலையும், அதிகம் தீட்டாத சிவப்பரிசியையும் விரும்பி வாங்குங்கள். அரிசியைக் கல் மண் நீங்க அளவாகக் களையுங்கள். தண்ணீர் தெளியும்வரை தேய்த்துக் களைந்தால் சத்தும் அத்துடன் ஓடிவிடும். வற்றும் அளவு நீர் விட்டுச் சமைத்தல் சிறந்தது; வடிப்பதாயின் வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்பிட்டுப் பருகுங்கள், அல்லது கறிக்குச் சேருங்கள். பருப்பும் பயறும் விரைவில் வேகுமென்று அப்பச்சோடா இடுவதைத் தவிருங்கள். அது தயமினை அழிக்கும். இவற்றுக்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை.